ஐந்து அணிகளும் ஒரு சந்தனமாரியும்

கீழப்பொட்டல்பட்டி தொடக்கப் பள்ளியில் மாணவர் செயல்பாடுகளுக்குக் குறைவே கிடையாது. இலக்கிய மன்றம் உண்டு, கணித மன்றம் உண்டு, சுற்றுச்சூழல் மன்றம் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் வினாடி வினா உண்டு. மாணவர் பாராளுமன்றம் உண்டு. அதில் பிரதமர், சுகாதார அமைச்சர், உணவு அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் எல்லோரும் உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள் உண்டு. இத்தனைக்கும் சேர்த்து மாணவர் எண்ணிக்கை ஒன்று. நான்காம் வகுப்பு, சந்தனமாரி.

மேலிடத்துச் சுற்றறிக்கைக்கு எண்ணத் தெரியாது. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் புகைப்படம் அனுப்பவும் என்று அது சொல்லும். ஒரு பிள்ளையை எப்படிப் பிரிப்பது என்று ஜரினா டீச்சர் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் அதற்கு ஒரு படிவம் வரும் என்பதுதான் பதினெட்டு வருஷ சர்வீஸில் அவள் கற்ற பாடம். அவளே வழி கண்டுபிடித்தாள். வாரத்துக்கு வேலை நாள் ஐந்து, அணியும் ஐந்து. திங்கள்கிழமை சந்தனமாரி சிவப்பு ரிப்பன் கட்டினால் குறிஞ்சி. செவ்வாய் பச்சை ரிப்பன், முல்லை. இப்படியே வெள்ளிக்கிழமை பாலை வரைக்கும்.

குறிஞ்சி என்றால் மலை என்று சொல்லித் தந்தாள். சந்தனமாரி ஏறிய ஆக உயரமான இடம் கண்மாய்க்கரை. நெய்தல் என்றால் கடல். அதைப் பாடப்புத்தகத்தில் நீல மையில் பார்த்ததோடு சரி. முல்லை புரிந்தது, அவள் அப்பா ஆடு மேய்க்கிறவர். பாலைக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினால் போதுமாயிருந்தது.

மாதக் கடைசியில் ஜெயித்த அணிக்குக் கோப்பை. கார்த்திகையில் நெய்தல் ஜெயித்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த சந்தனமாரி, தோற்றுப்போன நாலு அணிகளை நினைத்துக் கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தாள். பாராளுமன்றத்தில், எதிர்க்கட்சித் தலைவராக எழுந்து நின்று குழாயில் காற்று மட்டும் வருவது ஏன் என்று கேட்டாள். பிறகு ஓடிப்போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, பிரதமராக, ஆவன செய்யப்படும் என்றாள். ஓடுவதற்கு ஆன நேரத்தைக் கழித்துவிட்டால் அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஜரினா படம் எடுத்து அனுப்பினாள். ‘சிறப்பு’ என்று பதில் வந்தது. படத்தில் இருக்கும் பிரதமருக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் ஒரே முகம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அதுவும் புதிதில்லை என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம்.

ஜரினாவுக்கு வீடு கோவில்பட்டியில். கணவர் அபுதாஹிருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை. காலை ஏழரை பஸ்ஸில் ஏறி, ஊர் விலக்கில் இறங்கி, ஒரு கிலோமீட்டர் கரிசல் பாதையில் நடந்து பள்ளிக்கு வருவாள். அந்நேரம்தான் ஊருக்குள்ளிருந்து மூன்று மஞ்சள் வேன்கள் எதிரே வரும். ஊரின் நாற்பத்தேழு பிள்ளைகளும் அதற்குள் இருக்கும், டவுனுக்குப் போய் இங்கிலீஷில் படிக்க. பிள்ளைகள் டீச்சருக்கு டாட்டா காட்டும். டீச்சரும் காட்டுவாள். வேன்கள் போனதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புழுதி அடங்கும் வரை ஓரமாக நிற்பாள். ஊருக்கும் பள்ளிக்கும் இருந்த தினசரி உறவு அவ்வளவுதான். பள்ளியின் இன்னொரு ஆசிரியரை, பிள்ளைகள் இருக்கிற பள்ளி ஒன்றுக்கு மாற்றுப்பணியில் அனுப்பி ஒரு வருஷமாகிறது. நாலு பிள்ளைகள் இருந்ததில் இரண்டு ஐந்தாவது முடித்துப் போயின. ஒன்று வேனில் ஏறியது.

மதியச் சோற்றுக்குப் பிறகு அரை மணி நேரம் விளையாட்டு. சந்தனமாரி மண்ணை நீளமாகக் குவித்துக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் விளையாடுவாள். மண் வரப்புக்குள் ஒருத்தி குச்சியை ஒளிக்க வேண்டும், இன்னொருத்தி கைகளைக் கோத்து, அது இருக்கும் இடத்தைப் பொத்த வேண்டும். இன்னொருத்திக்கு எங்கே போவது? சந்தனமாரியே ஒளிப்பாள். பிறகு எழுந்து வேப்பமரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு, புதிதாக வந்தவள் போல உட்கார்ந்து, கைகளைக் கோத்துப் பொத்துவாள். தவறாமல் குச்சி கிடைக்கும்.

“மூணு சுத்து சுத்தியும் மறக்கவே மாட்டேங்குது டீச்சர்” என்று ஒருநாள் சொன்னாள்.

ஜரினா கூட உட்கார்ந்து விளையாடிப் பார்த்தாள். டீச்சர் வேண்டுமென்றே தோற்கிறாள் என்று இரண்டாம் ஆட்டத்திலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அதோடு அது நின்றுபோனது.

பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதற்குத் தலைவியாக, படிக்கிற பிள்ளை ஒன்றின் தாய் இருக்க வேண்டும் என்பது விதி. படிக்கிற பிள்ளை ஒன்று, அதற்குத் தாயும் ஒன்று. தேர்தல் ஏகமனதாக முடிந்து, ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தொரட்டியும் கையுமாக வந்த வெள்ளைத்தாய் தலைவி ஆனாள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது தொரட்டியைச் சுவரில் சாய்த்து வைப்பாள், போட்டு முடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பதவியால் அவளிடம் ஏற்பட்ட மாற்றம் இவ்வளவே.

இந்தத் தேர்தல் முடிவை மந்திரமூர்த்தி அண்ணாச்சியால்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பருத்திக் கமிஷன் கடை வைத்திருப்பவர்; இரண்டு முறை வார்டு மெம்பர். பெயருக்கு முன்னால் ‘கல்விக் காவலர்’ என்ற பட்டம் உண்டு. அதைக் கொடுத்தது கோவில்பட்டி ஃப்ளெக்ஸ் கடைக்காரர். பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது, என்ன போடட்டும் என்று அவர் கேட்டாராம். பள்ளிக்கு நல்லது செய்ய வேண்டும் என்று அண்ணாச்சிக்கு உண்மையிலேயே ஆசை இருந்தது. அதைக் கீழே நின்று செய்ய அவருக்கு வராது. ஆகவே ஆலோசகர் என்று ஒரு பதவி உண்டாக்கி, நடு நாற்காலியை அவருக்கு ஒதுக்கினார்கள்.

குடியரசு தினக் கிராமசபையில் அவர் மைக்கைப் பிடித்தார். ஊர்ப் பள்ளியைக் காப்பது ஒவ்வொருவரின் கடமை என்றார். பேச்சு அத்தோடு நின்றிருக்க வேண்டியது. கை தட்டல் கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. அந்த வேகத்தில், முதல் பிள்ளையாக என் வீட்டுப் பிள்ளையையே சேர்க்கிறேன், என் பேத்தி ப்ரியதர்ஷினி இந்தப் பள்ளியில்தான் இனிமேல் படிப்பாள் என்று சொல்லிவிட்டார். ப்ரியதர்ஷினியும் நான்காம் வகுப்பு, டவுனில்.

கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து மிட்டாய் தின்றுகொண்டிருந்த சந்தனமாரி மிட்டாயை வாயிலேயே நிறுத்தினாள். மைக்கில் பேசுவதை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பெஞ்சில் தன் பக்கத்து இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பதவிகளைப் பங்கிட்டாள். எதிர்க்கட்சித் தலைவர், ப்ரியதர்ஷினி. குறிஞ்சியும் முல்லையும் தனக்கு, மருதமும் நெய்தலும் அவளுக்கு. பாலை இரண்டு பேருக்கும் பொது.

மாசி பிறந்தது. உளுந்தும் பாசியும் வீட்டுக்குப் போய், காடெல்லாம் வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஆடுகளுக்குக் கடிக்க ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் வெள்ளைத்தாயும் அவள் புருஷன் சுடலைமணியும் ஆட்டைப் பத்திக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போவார்கள். அங்கே நெல் அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டால் புழுக்கை வயலுக்கு உரம். திரும்பி வர ஆடி ஆவணி ஆகும். போன வருஷம் பிள்ளையை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருஷமும் விடலாம். முடிவு பிள்ளையிடம் இருந்தது. இன்னொரு பிள்ளை வந்தால் இருக்கிறேன், வராவிட்டால் கிடைக்கு வருகிறேன் என்று சந்தனமாரி சொல்லிவிட்டாள்.

வெள்ளைத்தாய் பள்ளி வாசலுக்கு வந்து இதைச் சொன்னாள். “ஆண்டு விழா முடிஞ்ச மறு திங்கக்கிழம பொறப்படுதோம் டீச்சர். அதுக்குள்ள ஒரு பிள்ளையக் கொண்டாந்துருங்க. எம் பிள்ளைக்கும் படிப்பு வருது. காட்டுல கூட்டிட்டு அலைய எனக்கு மட்டும் ஆசையா?”

ஜரினா அண்ணாச்சியின் கமிஷன் கடைக்கு மூன்று முறை போனாள். முதல் தடவை, அரைப் பருவத்தில் மாற்றினால் பிள்ளைக்குக் குழம்பும் என்றார். இரண்டாம் தடவை நாள் நன்றாக இல்லை என்றார். மூன்றாம் தடவை அவருக்கே ஒரு யோசனை உதித்து முகம் மலர்ந்தது.

“ஆண்டு விழா மேடையிலயே சேத்துருவோம் டீச்சரம்மா. ஊரு முன்னால பாரத்துல கையெழுத்துப் போடுதேன். போட்டோவுக்கும் நல்லாருக்கும்லா.”

ஜரினா திரும்பி வந்து, விழா அன்றைக்குப் பிள்ளை வருகிறாள் என்று சந்தனமாரியிடம் சொன்னாள். நிச்சயமா என்று பிள்ளை கேட்டது. நிச்சயம் என்றாள். அண்ணாச்சியை நம்பினாளா, நம்ப வேண்டியிருந்ததா என்பதை அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆண்டு விழாவோடு கல்விச் சீரும் வைத்துக்கொள்வது என்று குழு முடிவு செய்தது. தாய்மாமன் சீர் கொண்டு போவதுபோல் ஊரே தட்டும் தாம்பாளமுமாக மேளத்தோடு பள்ளிக்குப் பொருள் கொண்டு வந்து கொடுப்பதுதான் கல்விச் சீர். யார் என்ன கொடுப்பது என்று கேட்க ஒரு ஆளைப் போட்டிருக்கலாம். ஆனால் குழுவில் தலைவி போக இருபத்திரண்டு பேர், எல்லோருமே மேடையில் உட்காரும் பொறுப்பில் இருந்தார்கள். ஊர் நுழைவில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் முப்பத்தொரு முகங்கள். அத்தனையும் மீசை வைத்தவை. ஜரினாவின் படத்தை மூலையில் வைத்திருந்தார்கள், ஸ்டாம்பு அளவில். தலைவி வெள்ளைத்தாயிடம் போட்டோ இல்லாததால் அவள் பெயருக்கு நேரே ஒரு ரோஜாப்பூ. சந்தனமாரியைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

விழா நாளில் மாலை மூன்று மணிக்கு மேளம் கிளம்பியது. வேட்டு வெடித்தது. சீர் வரிசை பள்ளிக்குள் நுழைந்தது: நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயரோடு. அறுபது எவர்சில்வர் தட்டுகள். பீரோ ஒன்று. பன்னிரண்டு குப்பைத்தொட்டிகள். சுவர்க்கடிகாரங்கள் ஏழு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாங்கியவை. ஒரே அறை உள்ள பள்ளியில் நாலு சுவர். அதில் ஒன்றில் கரும்பலகை, ஒன்றில் ஜன்னல். கடிகாரம் கொடுத்த ஏழு பேரும் மாட்டினால்தான் நகருவோம் என்று நின்றதால், ஜரினா ஆணி தேடி ஓட வேண்டியதாயிற்று. ஊரிடம் என்ன இருந்ததோ எல்லாம் வந்தது. இனி இந்தப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் தாராளமாகச் சாப்பிடலாம், நாற்பது பிள்ளைகள் உட்காரலாம்.

வரிசையின் முன்னால் பட்டுப்பாவாடை கட்டி, தாம்பாளத்தில் உலக உருண்டையை ஏந்திக்கொண்டு ப்ரியதர்ஷினி வந்தாள். வாசலில் சந்தனமாரி நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து அழுத்தி வாரி, ஐந்து நிற ரிப்பனையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். உலக உருண்டையை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை.

அண்ணாச்சி சொன்னபடியே செய்தார். பேத்தியை மேடையில் நிறுத்திச் சேர்க்கைப் படிவத்தில் எல்லோரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டார். மூன்று போட்டோகிராபர்கள் மூன்று முறை போடச் சொன்னார்கள். மூன்று முறையும் பேனாவைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. ஜரினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. படிவத்துக்காக அவள் நீட்டிய கையில் யாரோ ஒரு பொன்னாடையை வைத்தார்கள்.

அதன் பிறகு பொன்னாடைகள். மேடையில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு பேரும் போர்த்தினார்கள். ஒவ்வொருவரும் நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு, சுருக்கமாகப் பேச வேண்டியதன் அவசியத்தைக் கால் மணி நேரம் விளக்கினார்கள். கல்வியின் சிறப்பு, கல்விக்கு ஊர் ஆற்றும் பங்கு, அந்தப் பங்கில் பேசுகிறவரின் பங்கு. ஐந்தரை மணிக்கு, அடுத்ததாக மாணவச் செல்வங்களின் கலை நிகழ்ச்சி என்று மைக்கில் அறிவித்தார்கள். மாணவச் செல்வங்களைக் காணோம்.

ஜரினா தேடிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் போனாள். வேப்பமர நிழலில் இரண்டு பிள்ளைகளும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப்பாவாடை முழங்கால் வரை ஏறி, கரிசல் மண் ஒட்டிக் கிடந்தது. நடுவே மண் வரப்பு. ப்ரியதர்ஷினி ஒளித்து முடித்திருந்தாள். சந்தனமாரி கைகளைக் கோத்துக்கொண்டு வரப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். நெடுநேரம் யோசித்துப் பொத்தினாள். தப்பான இடம். குச்சி நாலு விரல் தள்ளி இருந்தது. அவள் உட்கார்ந்தபடியே பின்னால் சாய்ந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் தோற்றதே இல்லை.

ஜரினா அவர்களைக் கூப்பிடவில்லை. வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய், நேரமாகிவிட்டதால் கலை நிகழ்ச்சியை விட்டுவிடலாம் என்று மைக்செட்காரரிடம் சொன்னாள். மேடையில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. பேசாதவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

ஆறு மணிக்கு வெளியே கார் ஹாரன் கேட்டது. ப்ரியதர்ஷினியின் அம்மா வந்து, பாவாடையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, பிள்ளையைத் தட்டி உதறிக் கூட்டிக்கொண்டு போனாள். சந்தனமாரி கார் வரைக்கும் கூடவே போனாள். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டாள். நாளைக்குத் தன் ஸ்கூலில் மேத்ஸ் டெஸ்ட் என்றாள் ப்ரியதர்ஷினி. அதைச் சொல்லும்போது அவள் முகமும் நன்றாக இல்லை. திங்கட்கிழமையாவது வருவாயா என்று இவள் கேட்பதற்குள் கார்க் கண்ணாடி ஏறிவிட்டது.

ஜரினா மேடைக்குப் பின்னால் அண்ணாச்சியைப் பிடித்தாள். படிவத்தைக் கேட்டாள். அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே அது நாலாக மடிந்திருந்தது.

“போட்டோ எடுத்தாச்சு, ஊரு பாத்தாச்சு. இதப் பாத்து நாலு பேரு சேப்பான். அதுக்குத்தான் டீச்சரம்மா இது. மருமக ஒத்துக்கிட மாட்டேங்கா, நான் என்ன செய்ய?”

அந்தப் பிள்ளை நிஜமென்று நம்பிக்கொண்டிருக்கிறது அண்ணாச்சி, உங்கள் பேத்தி வராவிட்டால் சந்தனமாரியும் போய்விடுவாள் என்றாள் ஜரினா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அண்ணாச்சி கோபப்படவில்லை. தோளில் கிடந்த பொன்னாடைகளைச் சரி செய்துகொண்டு, நிதானமாகக் கேட்டார்.

“ஒங்க மக அர்ஃபா எங்கன படிக்கா டீச்சரம்மா?”

அர்ஃபா ப்ரியதர்ஷினியின் வகுப்பு. அதே ஸ்கூல், அதே செக்‌ஷன். நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட் என்பதை ஜரினா காலையிலேயே அறிந்திருந்தாள். வாய்ப்பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். அண்ணாச்சி ஜெயித்துவிட்ட ஆளின் தளர்ந்த நடையோடு நடு நாற்காலிக்குத் திரும்பினார்.

நிகழ்ச்சி நிரலில் தலைவி உரை கடைசிக்கு முந்தியதாக, நன்றியுரைக்கு மேலே இருந்தது. அதைச் சொல்லவே வேண்டாம் என்று பலர் நினைத்தாலும், அச்சாகிவிட்ட காரணத்தால் மைக்செட்காரர் பெயரைக் கூப்பிட்டார். கீழே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். புது நாற்காலிகளின் முதுகில் இருந்த பெயர்கள் மட்டும் வரிசையாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளைத்தாய் ஓரத்தில் நின்று, கார் போன பாதையையும் அங்கேயே நின்றிருந்த மகளையும் பார்த்துவிட்டு மேடையேறினாள். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நாங்க திங்கக்கிழம கிடைக்குப் போறோம். எம் மகளும் வாரா. இந்தத் தலைவர் வேலைய யாராவது வாங்கிக்கிடுங்க. படிக்க ஒரு பிள்ள இருக்கணுமாம் அதுக்கு, வேறொண்ணும் வேண்டாம்.”

மேடையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அந்தக் குழுவின் சரித்திரத்தில், ஒரு பதவி காலியானதும் யாரும் தொண்டையைக் கனைக்காத சந்தர்ப்பம் அது ஒன்றுதான். அமைதியைக் கண்டு விழா முடிந்துவிட்டது என்று நினைத்த மேளக்காரர்கள் மங்களம் வாசித்துவிட்டார்கள். நன்றியுரை நின்றுபோனது.

திங்கட்கிழமை ஜரினா வழக்கம்போல் வேன்களுக்கு டாட்டா காட்டி, புழுதி அடங்க நின்று, பள்ளிக்கு வந்தாள். பத்து மணிக்கு மேல் பாதையில் ஆட்டுச் சத்தம் கேட்டது. சந்தனமாரி யூனிபார்ம் இல்லாமல், பழைய பாவாடையும் தோளில் ஒரு தூக்குப் பையுமாக ஓடி வந்தாள். டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருப்பாள் என்று நினைத்தாள் ஜரினா. பிள்ளை வேறொன்று கேட்டது. இன்னொரு செட் நான்காம் வகுப்புப் புத்தகம் இருக்கிறதா?

எதற்கு என்றாள். கிடையில் அழகுத்தாய் என்று ஒரு பிள்ளை வருகிறதாம். அப்பாவோடு ஆடு சேர்த்துப் பத்துகிற சீனி மாமா மகள். இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பாளாம். இவள் வயசுதான்.

பீரோவில் ப்ரியதர்ஷினிக்கென்று எடுத்து வைத்த புத்தகங்கள் இருந்தன. ஜரினா எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது.

“ஏட்டி, அந்தப் பிள்ள வருதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?”

“பொங்கலுக்கே தெரியும் டீச்சர்.”

“அங்கன சேக்காளி இருக்கான்னு தெரிஞ்சா எதுக்கு இங்கன ஒரு பிள்ள வேணும் வேணும்னு காத்துக்கிட்டு இருந்த? அன்னைக்கே போறேன்னு சொல்லியிருக்கலாம்லா.”

சந்தனமாரி புத்தகங்களைப் பைக்குள் ஒவ்வொன்றாக வைத்தாள். பெரியதை அடியில், சிறியதை மேலே.

“நான் போயிட்டா நீங்க ஒத்தையில இருப்பீங்கள்லா. அதான் இருப்போம்னு பாத்தேன். ஆனா, எனக்கும் ஒத்தையில இருக்க முடியல டீச்சர். ப்ரியதர்ஷினி வந்திருந்தா நாம மூணு பேரு.”

வெளியே சுடலைமணி குரல் கொடுத்தான். பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டது.

ஜரினா பள்ளியைச் சாத்திவிட்டு அவர்களோடு விலக்கு வரைக்கும் நடந்தாள். முந்நூறு ஆடுகளின் புழுதியில் பேச்சுக்கு இடமில்லை. வெள்ளைத்தாய் நடந்துகொண்டே, பேர் வெட்டிவிட மாட்டீர்களே என்று மட்டும் கேட்டாள். மாட்டேன், ஆடியில் வந்ததும் நேரே பள்ளிக்கு வந்துவிடுங்கள் என்றாள் ஜரினா. ஆடியில் பள்ளி இருக்குமா என்று வெள்ளைத்தாய் கேட்கவில்லை. சந்தனமாரி முன்னால், நொண்டுகிற ஒரு குட்டியை ஓட்டிக்கொண்டு, யாரையோ எதிர்பார்த்துப் போகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஆடுகள் சாலைக்கு வந்துவிட்டன, அவள் ஓட வேண்டியிருந்தது.

கோவில்பட்டி போகிற பஸ் ஆடுகளுக்காக நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தும் பயனில்லாமல் விட்டுவிட்டார். ஜரினாவைத் தெரிந்த கண்டக்டர் படியில் இறங்கி நின்று, டீச்சர் இந்நேரத்துக்கே வீட்டுக்கா, ஏறுங்க என்று கையைக் காட்டினார்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆடுகள் கடந்தன, பஸ் போனது. இரண்டு புழுதியும் சேர்ந்து அடங்குவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு அவள் திரும்பி, வெடித்துக் கிடந்த காட்டின் நடுவே வந்த பாதையிலேயே நடக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் விட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.